காவலர் வண்டியை நிறுத்தும்போது கைப்பேசியில் பதிவு செய்யலாமா? புகாருக்கு எந்தச் செயலி உதவும்?

மாலதி_நியூஜெர்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பல ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகன் இங்கேயே பிறந்தவன், இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சில வாரங்களுக்கு முன் ஓர் இரவு, நண்பர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு அவன் வண்டி ஓட்டி வந்தபோது, வழியில் ஒரு சிறு நகரத்தில் காவலர் ஒருவர் அவர்களை நிறுத்தியிருக்கிறார். பின்விளக்கு மங்கலாக எரிகிறது என்பது அவர் சொன்ன காரணம். மகனின் உரிமத்தையும் காப்பீட்டு அட்டையையும் ஒரு முறை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னிருக்கையில் அமர்ந்திருந்த கறுப்பின நண்பனிடமே மற்ற எல்லாக் கேள்விகளையும் கேட்டிருக்கிறார். எங்கிருந்து வருகிறாய், பையில் என்ன இருக்கிறது, இதற்கு முன் கைதாகியிருக்கிறாயா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டவர், பிறகு வண்டியின் பின்பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். என் மகன் பயந்துபோய்ச் "சரி" என்று சொல்லிவிட்டான். உள்ளே பாடப் புத்தகங்களும் ஒரு மட்டைப்பந்துப் பையும் தவிர வேறு எதுவும் இல்லை. அபராதச் சீட்டுகூட எழுதாமல் அனுப்பிவிட்டார்.

அந்த நண்பன் வழி நெடுகப் பேசவேயில்லை என்று மகன் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கைப்பேசியில் பதிவு செய்ய நினைத்ததாகவும், கையை அசைத்தால் என்ன ஆகுமோ என்று விட்டுவிட்டதாகவும் மகன் சொல்கிறான். காவலரின் அத்துமீறலைப் பதிவு செய்யவும் அங்கிருந்தே புகார் அனுப்பவும் செயலிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவை நம்பத்தக்கவையா? இப்படிப் பதிவு செய்வது சட்டப்படி சரியா? நடந்து முடிந்த இந்த நிகழ்வுக்கு, காணொளி எதுவும் கையில் இல்லாத நிலையில், இனிப் புகார் அளிக்க இயலுமா? என் கணவர் இன்னும் வேலை விசாவில், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர். இதைக் கிளறாமல் விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

கண்ணன்_ப்ரூக்ளின் எழுதியது:

மாலதி அக்கா, உங்கள் மகனுக்கும் அந்தத் தம்பிக்கும் நேர்ந்தது வருத்தமளிக்கிறது. செயலிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அவை பிறந்த காலத்தில் நான் நியூயார்க்கில்தான் இருந்தேன்.

இந்நகரக் காவல்துறை தெருவில் நடந்து செல்பவர்களை நிறுத்திச் சோதனையிடும் வழக்கம் 2011இல் உச்சத்தைத் தொட்டது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் காவல்துறையின் சொந்தக் கணக்குப்படியே 6,85,724 முறை மக்கள் நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் மீது கைதும் இல்லை, அழைப்பாணையும் இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். இதை எதிர்த்துக் குடிசார் உரிமைகளுக்கான நியூயார்க் அமைப்பு 2012 ஜூன் மாதத்தில் 'ஸ்டாப் அண்ட் ஃப்ரிஸ்க் வாட்ச்' என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. அதில் மூன்று வேலைகள் இருந்தன. ஒன்று, பதிவு செய்வது. பதிவை நிறுத்தக் கைப்பேசியை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், உடனே எங்கே, எப்போது, எத்தனை காவலர்கள் என்று கேட்கும் படிவம் திறக்கும். இரண்டாவது, அருகில் யாரையாவது காவலர்கள் நிறுத்தியிருந்தால் நமக்கு அறிவிப்பது. மூன்றாவது, காணொளி இல்லாமலேயே கண்டதையோ பட்டதையோ படிவமாக அனுப்புவது. உங்கள் கேள்விக்கு இந்த மூன்றாவதுதான் முக்கியமானது. காணொளி இல்லாதவருடைய சாட்சியத்துக்கும் மதிப்புண்டு என்று அந்தச் செயலியை வடிவமைத்தவர்களே கருதினார்கள்.

ஓராண்டு கழித்து, 2013 ஆகஸ்டில், நீதிபதி ஷீரா ஷைன்ட்லின், நியூயார்க் காவல்துறை அந்த நடைமுறையைக் கையாண்ட விதம் அரசியலமைப்புக்கு முரணானது, இனப் பாகுபாடு கொண்டது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை ஒரு செயலி வாங்கித் தரவில்லை. நிறுத்தப்பட்டவர்கள் நேரில் வந்து அளித்த சாட்சியமும், காவல்துறையே நிரப்பிய படிவங்களைத் திரட்டிச் செய்த புள்ளியியல் ஆய்வுமே அதை வாங்கித் தந்தன. ஒருவரின் அனுபவம் 'தனி நிகழ்வு' என்று ஒதுக்கப்படுகிறது. அதே அனுபவம் தேதியோடும் இடத்தோடும் ஆயிரக்கணக்கில் எழுத்தில் பதிவானால் அதை ஒதுக்க முடிவதில்லை. உங்கள் மகனின் புகார் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் மாநிலத்திலும் அமெரிக்கக் குடிசார் உரிமைச் சங்கத்தின் (ACLU) கிளை 2012 ஜூலையில் 'போலீஸ் டேப்' என்ற செயலியை வெளியிட்டது. பதிவு தொடங்கியதும் அது திரையிலிருந்து மறைந்துகொள்ளும், விரும்பினால் சங்கத்துக்கே ஒரு படியை அனுப்பி வைக்கும். பின்னாளில் பல மாநிலக் கிளைகள் 'மொபைல் ஜஸ்டிஸ்' என்ற பெயரில் செயலிகளை நடத்தி, 2025இன் தொடக்கத்தில் அவற்றை நிறுத்திவிட்டன. ஆகவே பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இவற்றைத் தேடி அலைய வேண்டாம். இன்று பெரும்பாலோருக்குக் கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள கேமராவும், பதிவை உடனுக்குடன் மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும் வசதியுமே போதும்.

செந்தில்நாதன்_அட்லாண்டா எழுதியது:

கண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பதிவு செய்யுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லும்போது, யார், எந்த இடத்திலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரும் நடைபாதையில் நிற்பவரும் ஒரே அளவு ஆபத்தில் இல்லை.

2016 ஜூலை 6ஆம் நாள் மினசோட்டாவில் ஃபிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பின இளைஞர், வண்டியை நிறுத்திய காவலரால் வண்டியில் அமர்ந்தபடியே சுடப்பட்டு இறந்தார். தம்மிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதை முன்கூட்டியே மரியாதையாகச் சொன்னவர் அவர். காவலர் கேட்ட ஆவணத்தை எடுக்கத்தான் அவர் கையை நீட்டினார் என்று அருகில் இருந்த அவருடைய தோழி சொன்னார். அவர் சுடப்பட்ட சற்று நேரத்திலேயே அந்தத் தோழி பேஸ்புக் நேரலையைத் தொடங்கியதால்தான் உலகம் அதைப் பார்த்தது. ஆயினும் நடுவர் குழு மறு ஆண்டு அந்தக் காவலரை விடுவித்தது. உங்கள் மகன் கையை அசைக்கத் தயங்கினான் என்றால், அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

நம்மவர்களுக்கு இதெல்லாம் நேராது என்று எண்ணுபவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெரியவர் ஒருவர், மகன் வீட்டருகே நடைபாதையில் உலாவிக்கொண்டிருந்தார். 'ஒல்லியான கறுப்பர் ஒருவர் வீடுகளை நோட்டமிடுகிறார்' என்று யாரோ தொலைபேசியில் சொன்னதை நம்பி வந்த காவலர், ஆங்கிலம் அறியாத அவரைத் தலைகுப்புறத் தரையில் தள்ளினார். முதுகுத்தண்டில் அடிபட்டு அவருடைய உடலின் சில பகுதிகள் செயலிழந்தன. ரோந்து வாகனத்தின் டாஷ்கேம் பதிவு செய்திருந்ததால் அந்த நிகழ்வை மறைக்க முடியவில்லை. அப்படியிருந்தும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இரண்டு முறை நடுவர்களிடையே ஒருமித்த முடிவு எட்டாமல், இறுதியில் நீதிபதி அந்தக் காவலரை விடுவித்தார்.

நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருப்பது இதுதான். கைப்பேசியை வண்டியின் முகப்பில் உள்ள தாங்கியில் எப்போதும் மாட்டியே வைக்க வேண்டும். பின்னால் சிவப்பு நீல விளக்கு தெரிந்து ஓரங்கட்டும்போதே, காவலர் இறங்கி வருவதற்கு முன், குரல் கட்டளையால் பதிவைத் தொடங்கிவிட வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2018இல் அரிசோனாவைச் சேர்ந்த ஒருவர் 'ஷார்ட்கட்' (ஒரே கட்டளையில் பல வேலைகளைச் செய்யும் குறுநிரல்) ஒன்றை உருவாக்கிப் பொதுவில் வைத்தார். நம்மைக் காவலர் நிறுத்துகிறார் என்று ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் சொன்னால் போதும், அது பாட்டை நிறுத்தி, திரையின் ஒளியைக் குறைத்து, நாம் இருக்கும் இடத்தைக் குறிப்பிட்ட ஒருவருக்கு அனுப்பிவிட்டு, முன்பக்கக் கேமராவில் பதிவைத் தொடங்கும். அதன்பின் இரு கைகளும் ஸ்டியரிங் மீது இருக்க வேண்டும், கைப்பேசியை அதற்குப் பிறகு தொடவே கூடாது. மற்ற நாளில் ஒரு முறை வீட்டு வாசலில் நிறுத்தி இதைச் செய்து பழகச் சொல்லுங்கள். பதற்றத்தில் புதிதாக எதையும் செய்ய வராது.

வழக்குரைஞர்_இராஜராஜன் எழுதியது:

மாலதி அவர்களுக்கு, நான் நியூ ஜெர்சியில் குடிசார் உரிமை வழக்குகளில் பணியாற்றுபவன். இங்கு எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் மகனின் வழக்குக்கான ஆலோசனையாக இதைக் கொள்ள வேண்டாம்.

பதிவு செய்யும் உரிமை பற்றி ஐயம் வேண்டாம். பொது இடத்தில் கடமையில் இருக்கும் காவலரைப் பதிவு செய்வது அரசியலமைப்பின் முதல் திருத்தம் காக்கும் உரிமை என்று, நியூ ஜெர்சியையும் உள்ளடக்கிய மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் ஃபிலடெல்ஃபியா நகருக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்குக் காரணம், டெம்பிள் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஒரு வீட்டு விருந்தைக் கலைத்துக்கொண்டிருந்த காவலர்களைத் தம் கைப்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்ததுதான். அதற்காக அவரைப் பிடித்து, கைப்பேசியைப் பறித்துத் துழாவியிருந்தார்கள். பாஸ்டனை உள்ளடக்கிய முதல் சுற்று நீதிமன்றம் 2011இலேயே இதே முடிவுக்கு வந்திருந்தது. ஆனால் காவலரின் பணிக்கு இடையூறு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. தள்ளி நில் என்றால் தள்ளி நின்று பதிவைத் தொடரலாம். வண்டியிலிருந்து இறங்கு என்றால் இறங்கத்தான் வேண்டும்.

கைப்பேசியைத் திறந்து பார்க்க நீதிமன்ற ஆணை தேவை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஒருமனதாகக் கூறியது. கைதானவரின் கைப்பேசிக்கும் இது பொருந்தும். இருப்பினும் கைரேகையாலும் முகத்தாலும் திறக்கும் வசதியை அணைத்துவிட்டுக் கடவு எண்ணை மட்டும் வைத்திருப்பது நல்லது. கடவு எண்ணைச் சொல்லும்படி ஒருவரை வற்புறுத்துவதைவிட, விரலை வைக்கச் செய்வது எளிது.

அடுத்து, பின்பெட்டியைத் திறக்கச் சொன்னது. இதை எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியவில்லை, என் பார்வையில் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான இடம் அதுதான். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2002இல் வகுத்த விதிப்படி, போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்திய வண்டியைச் சோதனையிட ஓட்டுநரின் சம்மதத்தைக் கேட்பதற்கே, குற்றம் நடந்திருக்கலாம் என்பதற்குச் சொல்லத்தக்க ஒரு காரணம் காவலரிடம் இருக்க வேண்டும். பல மாநிலங்களில் இந்தப் பாதுகாப்பு இல்லை. இங்கே அது வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1998 ஏப்ரலில் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் மாநிலக் காவலர் இருவர், கறுப்பின, லத்தீன் இளைஞர் நால்வர் சென்ற வேன் மீது சுட்டதில் மூவர் காயமடைந்தனர். அவர்கள் கூடைப்பந்துப் பயிற்சிக்காக வட கரோலினாவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அதையடுத்து எழுந்த கொந்தளிப்பில், நிறம் பார்த்து வண்டிகளை நிறுத்தும் வழக்கத்தை மாநில அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1999 முதல் 2009 வரை மாநிலக் காவல்துறை கூட்டாட்சி நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருந்தது. எனவே, மங்கலான பின்விளக்கு என்ற காரணத்திலிருந்து பின்பெட்டி வரை அந்தக் காவலர் எப்படிப் போனார் என்பது நியாயமான, விசாரிக்கத்தக்க கேள்வி.

காணொளி இல்லை என்று வருந்துகிறீர்கள். பெரும்பாலும் அது இருக்கும், உங்களிடம் இல்லை என்பதே செய்தி. நியூ ஜெர்சியில் ரோந்துக் காவலர்கள் 2021 ஜூன் முதல் உடலில் கேமரா அணிய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவைக் குறைந்தது 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அது தொடர்பாகப் புகார் பதிவானாலோ, பதிவில் உள்ளவர் கேட்டுக்கொண்டாலோ மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே தாமதிப்பதுதான் உங்கள் உண்மையான எதிரி. அந்தக் கெடு முடிவதற்குள் எழுதுங்கள்.

புகாரை அந்தக் காவல்துறையின் உள்விசாரணைப் பிரிவுக்கு அனுப்பலாம். மாநிலத் தலைமை வழக்குரைஞரின் நெறிமுறைப்படி எந்தத் துறையும் யாரிடமிருந்தும், பெயர் குறிப்பிடாதவரிடமிருந்தும்கூட, புகாரை ஏற்க மறுக்க முடியாது. அந்தத் துறையின் மீதே நம்பிக்கை இல்லையென்றால் மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். பெரும்பாலான புகார்கள் 'நிரூபிக்கப்படவில்லை' என்ற பதிலோடு திரும்புகின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தக் காவலரின் கோப்பில் உங்கள் தாள் இருக்கும், அடுத்தவர் எழுதும்போது அது இரண்டாவது தாளாகும்.

உங்கள் கணவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. நிறுத்தப்பட்டவர் அவர் அல்லர், புகார் எழுதப்போவதும் அவர் அல்லர். குடியுரிமையுள்ள மகன் அளிக்கும் புகாருக்கும் தந்தையின் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கும் தொடர்பில்லை. விசாவில் இருப்பவர் ஒருவர் மீதே வழக்கு பதிவானால் நிலை வேறு. அப்போது புகாரோ பேட்டியோ எதற்கும் முன்னதாகக் குடிவரவு வழக்குரைஞரைப் பார்த்தாக வேண்டும்.

இறுதியாக ஒன்று. அங்கே அவமதிக்கப்பட்டவர் பின்னிருக்கையில் இருந்த அந்த இளைஞர். அவருடைய ஒப்புதல் இல்லாமல் அவர் பெயரில் எதுவும் எழுதாதீர்கள். அவர் குடும்பத்துக்கு இதில் நம்மைவிட நீண்ட அனுபவம் இருக்கக்கூடும். முதலில் அவரிடம் பேசுங்கள்.

பூங்குழலி_டொராண்டோ எழுதியது:

ஆவணப்படுத்தல் பணியில் தன்னார்வலராக இருப்பதால், பதிவு செய்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சேர்க்கிறேன். நம் மக்கள் பலர் தவறவிடுவது அந்த இடத்தில்தான்.

காணொளி எடுத்தவுடன் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். வாட்ஸ்அப் அதைச் சுருக்குகிறது, எப்போது எங்கே எடுக்கப்பட்டது என்று கோப்போடு ஒட்டியிருக்கும் தகவலையும் நீக்கிவிடுகிறது. பத்துக் கைகள் மாறி வந்த அந்தச் சுருங்கிய படியைக் கொண்டு போய்ச் சான்றாகக் கொடுத்தால், வெட்டி ஒட்டியது என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைக்கிறது. மூலக்கோப்பைக் கைப்பேசியிலேயே தொடாமல் விட்டுவிட்டு, அதன் படியொன்றை மேகச் சேமிப்பகத்திலும் இன்னொன்றைக் கணினியிலும் வையுங்கள். தொடக்கத்தை வெட்டாதீர்கள், எழுத்தோ இசையோ சேர்க்காதீர்கள். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஆவணக் கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

எடுக்கும்போது கைப்பேசியைப் படுக்கைவாட்டில், அசையாமல் பிடியுங்கள். காவலரின் முகத்தை மட்டும் துரத்தாமல், தெருப்பெயர்ப் பலகை, ரோந்து வாகனத்தின் எண், பேட்ஜ் எண், சுற்றி நிற்கும் கடைகள் ஆகியவற்றையும் மெதுவாகக் காட்டுங்கள். பின்னணியில் நாம் கத்துவதும் திட்டுவதும் கேட்க வேண்டிய சொற்களை மூழ்கடித்துவிடும். மினியாபொலிஸில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதைப் பதிவு செய்த டார்னெல்லா ஃப்ரேசியருக்கு அப்போது வயது 17. காவலரின் முழங்கால் 9 நிமிடம் 29 நொடி அவர் கழுத்தில் இருந்தது, பதிவைத் தொடங்கியபின் அந்தப் பெண் அதை நிறுத்தவில்லை. அன்றிரவு காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை, ஒருவர் மருத்துவக் காரணத்தால் இறந்தார் என்ற பொருளில்தான் இருந்தது. அந்தக் காணொளி இல்லாவிட்டால் அதுவே வரலாறாக நின்றிருக்கும்.

விமான நிலையச் சோதனையில் பாகுபாடு என்றால் வழி வேறு. தலைப்பாகை அணிந்தவர்கள் திரும்பத் திரும்பத் தனியே இழுத்துச் சோதிக்கப்பட்டதால், சீக்கியர் கூட்டமைப்பு 2012இல் 'ஃப்ளைரைட்ஸ்' என்ற செயலியை வெளியிட்டது. விமானத்திலிருந்து இறங்குவதற்குள் நிரப்பிவிடக்கூடிய அந்தப் படிவம், அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமைக்கே முறையான புகாராகப் போய்ச் சேரும்படி அமைக்கப்பட்டது. சமூக ஊடகத்தில் புலம்பலாக முடிவது, அரசு பதில் சொல்லக் கடமைப்பட்ட தாளாக மாறியது அங்கேதான். எந்தச் செயலியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நான் அனுப்புவது கடைசியில் யாருடைய மேசைக்குப் போகிறது?

மாலதி_நியூஜெர்சி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மகன் அந்த நண்பனிடம் பேசினான். அவனுடைய தாயார் என்னை அழைத்து நெடுநேரம் பேசினார். தம் மகனுக்கு இது முதல் முறை அல்ல என்றும், உடன் இருந்தவர்கள் எழுத முன்வருவதுதான் முதல் முறை என்றும் சொன்னார். புகார் அளிக்க அவர்களுக்குச் சம்மதம். மூவரும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதலாமா, தனித்தனியாக எழுத வேண்டுமா?

வழக்குரைஞர்_இராஜராஜன் எழுதியது:

தனித்தனியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதற்கு முன்பே எழுதட்டும். மூவருடைய நினைவிலும் சிறு வேறுபாடுகள் இருந்தால் இருக்கட்டும், அவற்றைச் சரிசெய்ய முயல வேண்டாம். காவலர் சொன்ன சொற்கள் நினைவில் உள்ளவரை அப்படியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எண்ணம் வேறு, நடந்தது வேறு என்று பிரித்து எழுத வேண்டும். அன்றிரவு மூவருடைய கைப்பேசியிலும் உள்ள இடத்தடம் (சென்ற இடங்களின் பதிவு), நிறுத்தப்பட்டவுடன் யாருக்காவது அனுப்பிய குறுஞ்செய்தி ஆகியவற்றைத் திரைப்படி (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து இணையுங்கள். நேரத்தை உறுதிசெய்ய அவை போதும். மூன்று கடிதங்களிலும் உடல்கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்குமாறு தனி வரியாகக் கேளுங்கள். அனுப்பிய நாளும் பெற்றுக்கொண்டவரின் பெயரும் உங்களிடம் எழுத்தில் இருக்கட்டும்.